கண்ணகியை எந்த அளவுகோலால் அறிவது? பாத்திர ஆளுமையை ஆராயும் நான்கு முறைகளின் ஒப்பீடு

சிங்கப்பூரின் தோ பாயோவில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழு, அண்மைய மூன்று கூட்டங்களில் சிலப்பதிகாரத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. மூன்றாம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்ட கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். கண்ணகியின் ஆளுமையைப் பற்றி அவர் ஓர் ஆய்வுரை எழுத வேண்டியிருந்தது. தோழி ஒருத்தி கண்ணகிக்கு நான்கெழுத்து வகை ஒன்றைச் சொல்லியிருந்தாள். இன்னொருத்தி ஒன்பது எண்களில் ஓர் எண்ணைச் சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் பயிலும் அண்ணனோ இரண்டையும் தள்ளிவிட்டு, ஐந்து கூறுகளைக் கொண்டு அளப்பதே அறிவியல் என்றிருந்தார். "அக்கா, எதை வைத்து எழுதினால் சரியாக இருக்கும்?" என்று அவர் கேட்டதும், பக்கத்தில் நின்ற நாடகாசிரியர் தமக்கும் அதே சிக்கல்தான் என்றார். புகாரில் அதிகம் பேசாத பெண், மதுரையில் அரசனுக்கு எதிரே நின்று வழக்குரைக்கிறாள். இரு நிலையையும் ஒரே நடிகை நடிக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் இழை எதுவென்று பிடிபடாமல் வசனம் எழுத ஓடவில்லை என்றார்.

இருவருக்கும் ஒரே முறையைப் பரிந்துரைக்க இயலாது. ஆனால் இருவரும் ஒரே உரைகற்களைக் கொண்டு தேர்ந்துகொள்ளலாம்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

ஆளுமை முறைகள் பெரும்பாலும் உயிருள்ள மனிதருக்காக உருவானவை. மனிதரிடம் வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லலாம். கண்ணகி வினாத்தாளை நிரப்ப மாட்டாள். அவளுக்காக நாம் நிரப்புகிறோம்; நிரப்பும்போது நம்முடைய வயதும் வளர்ப்பும் மணவாழ்க்கையும் அந்தத் தாளுக்குள் நுழைந்துவிடுகின்றன. ஆகவே, பனுவலில் இருப்பதை மட்டுமே சான்றாக வைத்து ஒரு முறை இயங்குமா என்பது முதல் கேள்வி.

தனித்தனியே படித்த இருவர் அந்த முறையைக் கையாண்டால் அருகருகான முடிவுக்கு வருவார்களா என்பது இரண்டாவது. பாத்திரத்தின் மாற்றத்தை அது விளக்குமா, அல்லது மாற்றத்தை ஒரு சராசரிக்குள் மறைத்துவிடுமா என்பது மூன்றாவது. கற்றுக்கொள்ள ஆகும் காலம், பணம், வெளியே தெரியாத இழப்பு ஆகியவை நான்காவது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஒன்று உண்டு. அந்த முறை வாசகரை மீண்டும் பனுவலின் வரிக்கு அனுப்புகிறதா? ஒரு வகைப்பெயர் கிடைத்த மாத்திரத்தில் நூலை மூடிவிடத் தோன்றுகிறது என்றால், அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் அதனால் வாசிப்புக்குப் பயனில்லை.

## நான்கெழுத்து முறை: எம்பிடிஐ

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட ஆளுமை வகைக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, கேத்தரின் பிரிக்ஸ் என்னும் அமெரிக்கத் தாயும் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் என்னும் அவருடைய மகளும் உருவாக்கிய முறை இது. வினாத்தாள் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருப்பெற்றது. அகமுகம் அல்லது புறமுகம், புலனறிவு அல்லது உள்ளுணர்வு, சிந்தனை அல்லது உணர்வு, தீர்மானித்தல் அல்லது நெகிழ்ந்திருத்தல் என்னும் நான்கு இணைகளிலிருந்து 16 வகைகள் பிறக்கின்றன. இசபெல் மயர்ஸ் அதற்கு முன்பே துப்பறியும் நாவல் எழுதியவர். அந்த 16 வகைகளின் விவரிப்புகள் கதைமாந்தர் குறிப்புகளைப் போலவே வாசிக்கக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதன் பெரும் வசதி, பலருக்கும் முன்பே தெரிந்திருப்பது. வேலையிடப் பயிலரங்குகளில் தம் நான்கெழுத்தைப் பெற்றுக்கொண்ட பலர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். இலக்கியக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குபவர்கூட "கண்ணகி அகமுகம், மாதவி புறமுகம்" என்று சொல்லத் தயங்குவதில்லை. உரையாடலைத் தொடங்கிவைக்க இதைவிட எளிய கருவி இல்லை.

சிக்கலும் அந்த முதல் எழுத்திலேயே தொடங்குகிறது. கண்ணகி பேசாதிருந்தாள் என்பதால் அகமுகம் என்கிறோம். பன்னிரண்டு வயதில் மணமாகி, பெருவணிகர் குடும்பத்தின் மருமகளாக வாழ்ந்த ஒருத்தியின் மௌனத்தில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு குல ஒழுக்கம் என்று எழுத்து ஒன்றால் பிரித்துச் சொல்ல முடியுமா? மதுரையில் அவளே கொலைக்களக் காதையில் இதைப் பற்றிப் பேசுகிறாள். அகத்தில் ஒளித்த நோயை மாமனும் மாமியும் அறிந்துவிடாதபடி தான் காட்டிய சிரிப்பை 'வாயல் முறுவல்', அதாவது மெய்யல்லாத முறுவல் என்று அவளே பெயரிடுகிறாள். மறைத்தேன் என்று பாத்திரமே சொல்லும்போது, மறைத்த கோலத்தை இயல்பு என்று நாம் குறித்துவைப்பது பிழை.

இரண்டாம் எழுத்திலும் இதே இடறல் நேர்கிறது. பின்னால் நடக்கவிருப்பதைக் கண்ணகி கனவில் கண்டாள் என்பதால் அவளுக்கு உள்ளுணர்வு எழுத்தைத் தருகிறார்கள். கனவில் வருநிகழ்வை முன்னுணர்த்துவது காப்பியத்தின் கதையமைப்பு உத்தி. அதை ஒரு பெண்ணின் சிந்தனைப் பழக்கமாகக் கொள்வது, உத்தியையும் உளத்தையும் ஒன்றாகக் குழப்புவதாகும்.

மறைந்த செலவுகள் இன்னும் இரண்டு. ஒவ்வோர் இணையும் நடுக்கோட்டில் வெட்டப்படுவதால், கோட்டுக்குச் சற்று இப்பாலும் சற்று அப்பாலும் நிற்கும் இருவர் எதிரெதிர் வகையினர் ஆகிவிடுகிறார்கள். ஒரே மனிதர் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதும்போது எழுத்து மாறுவது அடிக்கடி நிகழ்வதற்கும் இது முக்கியக் காரணம். அடுத்து, எழுத்துகளின் போதாமையை உணர்ந்தவர்கள் யுங்கின் எட்டு உளச்செயற்பாடுகளுக்குள் இறங்குகிறார்கள். அங்கே ஆழம் உண்டு. ஆனால் கற்கப் பல மாதங்கள் ஆகும், கற்றவர்களிடையே உடன்பாடும் அரிது. 1970களில் லித்துவேனியாவில் தோன்றிய சோசியானிக்ஸ் முறையும் அதே யுங்கிலிருந்து கிளைத்ததுதான். எழுத்துகள் ஒத்திருப்பதை நம்பி இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு அவிழ்ப்பது கடினம்.

## எனியாகிராம்

பொலிவியாவில் பிறந்த ஆஸ்கார் இச்சாசோவும் சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரான்ஹோவும் 1970களில் வடிவம் கொடுத்த முறை இது. ஒன்பது முனைகள் கொண்ட உருவை அதற்கு முன்னரே பரப்பியவர் ஆன்மிக ஆசான் குர்ஜியெஃப். நடத்தை எப்படி இருக்கிறது என்று இது முதலில் கேட்பதில்லை. அந்த நடத்தைக்குப் பின்னால் உள்ள அச்சம் எது, வேட்கை எது என்று கேட்கிறது. கதை எழுதுபவர்கள் இதை விரும்புவதற்கு அதுவே காரணம். பாத்திரத்துக்கு ஒரு வேட்கையைக் கொடுத்துவிட்டால் கதை தானே நகரத் தொடங்கும்.

எங்கள் குழுவில் மிக நீண்ட, மிகப் பயனுள்ள விவாதம் இந்த முறையில்தான் நடந்தது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எழுந்த கருத்து, கண்ணகி இரண்டாம் எண், ஈபவள் என்பது. மாதவியைப் பிரிந்து வந்த கோவலன் பொருள் இழந்த நாணத்தைச் சொன்னதும், அவன் கேளாமலேயே சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். இந்த முறைப்படி இரண்டாம் எண்காரர் கடும் நெருக்கடியில் எட்டாம் எண்ணின் சீற்றத்துக்குச் செல்வார். மதுரை எரிந்தது அதனால்தான் என்று நாடகாசிரியர் வாதிட்டார். கேட்க அழகாக இருந்தது. ஆனால் ஈபவரின் அடியில் இருப்பது, அன்பு திரும்பக் கிடைக்க வேண்டும் என்னும் ஏக்கம். அந்த ஏக்கம் இருந்திருந்தால் தேவந்தி வழி சொன்னபோது அவள் மகிழ்ந்து ஏற்றிருக்க வேண்டும். சோமகுண்டத்திலும் சூரியகுண்டத்திலும் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு இன்புற்றிருக்கலாம் என்கிறாள் தோழி. கண்ணகியின் விடை ஒரே சொல்தான்: 'பீடன்று'. அது பெருமை ஆகாது என்று மறுத்துவிடுகிறாள்.

அடுத்து, ஒன்பதாம் எண். குடும்ப அமைதி குலையாதிருக்கத் தன் சினத்தையே உறங்கவைத்துக்கொள்பவர் இவர். 'மாற்றா உள்ள வாழ்க்கையேன்' என்று கண்ணகி தன்னைப் பற்றிச் சொல்வதை ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். வலிமையான சான்று அது. ஆனால் அந்தத் தொடரை முன்னோக்கிப் படித்தபோது, அதற்கு முந்திய சொற்களிலேயே கோவலனிடம் 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று அவள் சொல்லியிருப்பது கண்ணில் பட்டது. சான்றோர் போற்றாத ஒழுக்கத்தை மேற்கொண்டீர் என்று நேருக்கு நேர் சொல்லும் ஒருத்தியின் சினம் உறங்குகிறது என்று எப்படிக் கொள்வது? அங்கேயே, அறவோர்க்கு அளித்தலும் விருந்து எதிர்கொள்ளலும் தனக்கு இல்லாமற்போனதைத் தன் இழப்பாகச் சொல்கிறாள். கணவனைப் பிரிந்த துயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், ஆற்ற இயலாமற்போன கடமைகளை எண்ணிச் சொல்லும் மனம் அது.

ஆகவே நான் முதலாம் எண்ணின் பக்கம் நின்றேன். இது சரி, இது சரியன்று என்னும் கோட்டை முதலில் தனக்கே வரைந்துகொண்டு, சினத்தை அந்தக் கோட்டுக்குள் கட்டிவைத்திருக்கும் ஆளுமை அது. மதுரையை எரிக்கும்போதுகூட அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்கித் தீயவர் பக்கமே சேர்க என்று தீக்கு அவள் ஆணையிடுவது, இந்த வாசிப்புக்கு எனக்குக் கிடைத்த மிக உறுதியான ஆதாரம். சினத்தின் உச்சத்திலும் அவள் விலக்கு வகுக்கிறாள்.

எண் எதுவாயினும் ஆகட்டும். அன்று ஒன்றரை மணிநேரம் நாங்கள் புரட்டிக்கொண்டிருந்தது சிலப்பதிகாரத்தின் பக்கங்களைத்தான். வரிக்கு அனுப்பும் ஆற்றலில் எனியாகிராமுக்கு முதலிடம் கொடுக்கிறேன்.

குறையையும் சொல்லியாக வேண்டும். இதற்கான ஆய்வு ஆதரவு ஐங்கூறு முறைக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. ஓர் எண் இன்னோர் எண்ணை நோக்கி நகர்வதைக் காட்டும் அம்புகளும், பக்கத்து எண்ணின் சாயலைக் குறிக்கும் சிறகுகளும் சேரும்போது எந்த நடத்தையையும் எந்த எண்ணுக்கும் பொருத்திவிடலாம். பாத்திரம் மாறினால் நெருக்கடி அம்பு என்றும், மாறாவிட்டால் அடிப்படை இயல்பு என்றும் விளக்கம் வந்துவிடும். தன்னைத் தவறென்று காட்டக்கூடிய சான்றையே ஏற்காத முறையை ஆய்வுரையின் முதுகெலும்பாக வைக்கக் கூடாது. இன்னொரு மறைவான செலவு, காப்பியம் சொல்லாத இளமைப் பருவத்தைக் கற்பிக்கத் தூண்டுவது. அச்சத்துக்கு ஒரு தோற்றுவாய் வேண்டுமே என்று, கண்ணகியின் தந்தை மாநாய்கனைக் கண்டிப்பானவராக்கி ஒருவர் பேசத் தொடங்கினார். பனுவலில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை.

## ஐங்கூறு முறை

மனிதரை மனிதர் வருணிக்கப் பயன்படுத்தும் சொற்களிலேயே ஆளுமையின் கூறுகள் பொதிந்திருக்கும் என்னும் எண்ணம் இதன் வேர். 1936இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்னும் இருவர் ஆங்கில அகராதியிலிருந்து ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்வந்தவர்கள் புள்ளியியலின் துணைகொண்டு அவற்றைச் சுருக்கிச் சுருக்கி, புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுக இயல்பு, இணக்கம், மனக்கலக்கம் என்னும் ஐந்துக்குக் கொண்டுவந்தார்கள். இதில் வகைகள் கிடையாது. ஒவ்வொரு கூறும் ஓர் அளவுகோல். ஒவ்வொருவரும் அதில் ஏதோ ஓரிடத்தில் நிற்கிறார்கள். விரிவான வினாத்தாள் 240 கூற்றுகள் கொண்டது. 2003இல் வெளியான மிகச் சுருக்கமான வடிவத்தில் பத்தே கூற்றுகள். கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க பொதுக் கூற்றுத் தொகுப்பும் உண்டு என்பதால் பணச்செலவு பற்றிய கவலை இல்லை.

பாத்திரங்களுக்கு இதில் உள்ள பெரும் நன்மை, ஒருவரைப் பற்றி மற்றவர் மதிப்பிடுவதும் இந்த ஆய்வுத்துறையில் ஏற்கப்பட்ட வழி என்பது. கண்ணகி வாய் திறக்காவிட்டாலும் அவளைப் பார்த்தவர்களாக நாம் மதிப்பெண் இடலாம். நம் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றும் கணக்கிடலாம்.

பத்துக் கூற்று வடிவத்தை நாங்களே தமிழாக்கி நிரப்பிப் பார்த்தோம். 'பதற்றம் கொள்பவர், எளிதில் கலங்குபவர்' என்ற கூற்றுக்கு ஒன்று முதல் ஏழுவரை மதிப்பெண். மாணவி 2 என்று எழுதியிருந்தார். தமிழாசிரியை 6 என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டபோது இருவரும் காட்டியவை ஒரே கண்ணகியின் இரண்டு முறுவல்கள். சிலம்பைக் கொடுக்கும்போது கோவலனுக்கு அவள் காட்டியதை இளங்கோ 'நலங்கேழ் முறுவல்' என்கிறார். அந்த அமைதியை வைத்து மாணவி 2 இட்டிருந்தார். மாமன் மாமிக்குக் காட்டியது முன்னர்ச் சொன்ன 'வாயல் முறுவல்'. அதன் அடியில் இருந்த துன்பத்தை வைத்து ஆசிரியை 6 இட்டிருந்தார். இரண்டையும் கூட்டி வகுத்து 4 என்று எழுதினால் அந்த நான்கு எந்தக் கண்ணகிக்கும் உரியதன்று.

இந்த முறையின் மறைந்த செலவு அந்தச் சராசரிதான். புகார்க் காண்டத்துக்கு ஒரு தாள், மதுரைக் காண்டத்துக்கு ஒரு தாள் என்று பிரித்து நிரப்பினால் ஓரளவு தப்பிக்கலாம். அப்போதும் எவ்வளவு மாறினாள் என்பதே கிடைக்கும், ஏன் மாறினாள் என்பது கிடைக்காது. டேன் மெக்காடம்ஸ் என்னும் உளவியலாளர் 1992இலேயே இம்முறையை, முன்பின் அறியாதவரைப் பற்றிய உளவியல் என்று விமர்சித்தார். ஒருவரை உண்மையில் அறிய, அவருடைய குறிக்கோள்களும் தம் வாழ்வைப் பற்றி அவரே சொல்லிக்கொள்ளும் கதையும் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

## மெய்ப்பாடு

இது ஆளுமை வகைமுறை ஆகாது என்பதை அறிந்தே சேர்க்கிறேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது; ஆக 32. வெகுளிக்கு உரியவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. கணவன் கொலையுண்டதால் கண்ணகியின் வெகுளி கொலையிலிருந்து பிறந்தது என்பது வெளிப்படை. தாரம், சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்தலே குடிகோள் என்று உரையில் படித்தபோது, அரசவையில் அவள் தன் ஊரையும் கணவனின் குடியையும் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. கோவலனுக்கு இடப்பட்ட கள்வன் என்னும் பெயர் அந்தக் குடியின்மேலும் விழுந்தது. அவள் மீட்க வந்தது அதையும்தான்.

மெய்யின்கண் தோன்றுவதே இதன் கணக்கு என்பதால் ஊகத்துக்கு இடம் குறைவு. மெய்யில் புழுதி, விரித்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணில் நீர் என்று காப்பியமே நடிகைக்கு வேண்டியதை எண்ணிக் கொடுத்திருக்கிறது. இழவால் வந்த அழுகையும் கொலையால் வந்த வெகுளியும் ஒரே உடலில் ஒரே கணத்தில் நிற்கின்றன. செலவு என்று பார்த்தால், பழைய உரைகளைப் படிக்கும் பொறுமை வேண்டும். நிலையான இயல்பைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது என்பது இதன் எல்லை.

## ஒரே பார்வையில்

| முறை | அது கேட்கும் கேள்வி | மாற்றத்தை விளக்குமா | மறைந்த செலவு |
|---|---|---|---|
| எம்பிடிஐ | எப்படி அறிகிறாள், எப்படி முடிவெடுக்கிறாள்? | இல்லை | குல ஒழுக்கத்தை இயல்பென்று கொள்ளுதல் |
| எனியாகிராம் | எதை அஞ்சுகிறாள், எதை வேண்டுகிறாள்? | ஆம், சில வேளை அளவுக்கு மீறி | பனுவலில் இல்லாததைக் கற்பித்தல் |
| ஐங்கூறு | எவ்வளவு? | அளவை மட்டும் | சராசரிக்குள் பாத்திரம் மறைதல் |
| மெய்ப்பாடு | இக்கணத்தில் மெய்யில் என்ன, எதனால்? | காட்சிக்குக் காட்சி | பழைய உரைகளைக் கற்கும் உழைப்பு |

## யாருக்கு எது

ஆய்வுரை எழுதும் மாணவிக்கு ஐங்கூறு முறையைச் சட்டமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். காண்டத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காதையின் பெயரும் வரியும். வரி கிடைக்காத கூற்றுக்கு மதிப்பெண் இடக் கூடாது. எனியாகிராமைக் கேள்வி எழுப்பப் பயன்படுத்தலாம்; 'முதலாம் எண் என்பதால்' என்று எழுதத் தொடங்கும் எந்த வாக்கியத்தையும் அடித்துவிட வேண்டும்.

நாடகாசிரியருக்கு எனியாகிராமும் மெய்ப்பாடும் சேர்ந்தே தேவை. அவர் தேடும் இழையை முன்னது கொடுக்கும். அந்த இழை ஒத்திகையில் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதற்குப் பின்னது உதவும். இல்லாத இளமைப் பருவத்தைக் கற்பிப்பது ஆய்வுரையில் குற்றம், மேடையில் அவருடைய உரிமை. அவருக்கு ஐங்கூறு முறை வீண்வேலை.

புதிதாகத் தொடங்கும் வாசிப்புக் குழுவுக்கு முதல் அரைமணி நேரத்துக்கு எம்பிடிஐ போதும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வரியைக் காட்டியாக வேண்டும் என்னும் நிபந்தனையோடு. பல தொகுதிகளாக விரியும் நாவலில் பத்துப் பதினைந்து பேரை ஒப்பிட வேண்டுமென்றால் ஐங்கூறு முறையே சிறந்தது. பத்துப் பேருடைய அச்சங்களைப் பற்றி ஒரு மாலைக்குள் விவாதித்து முடிக்க இயலாது. ஓரிரு காட்சிகளில் மட்டும் வந்துபோகும் பாத்திரங்களுக்கு, எடுத்துக்காட்டாக அந்தப் பொற்கொல்லனுக்கு, மெய்ப்பாட்டைத் தவிர எதையும் பயன்படுத்த வேண்டாம் என்பேன். அவன் செய்தது தெரியும். அவன் எப்படிப்பட்டவன் என்று முடிவு கட்டுமளவுக்குக் காப்பியம் அவனைக் காட்டவில்லை.

அடுத்த மாதம் மாதவியை எடுத்துக்கொள்கிறோம். அவள் விஷயத்தில் ஒரு வசதி உண்டு: கோவலனுக்கு அவள் இரண்டு மடல்கள் எழுதினாள். பாத்திரமே தன்னைப் பற்றித் தன் கையால் எழுதிவைத்தவை என்பதால், வினாத்தாளுக்கு ஏறத்தாழ இணையான சான்று அவை. முதல் மடலை அவன் ஏற்க மறுத்தான். தன் பிழை எதுவென்று அறியாமலேயே பொறுத்தருள வேண்டும் என்று கேட்கும் இரண்டாம் மடலைக் கோசிகன் கொண்டுபோய்ச் சேர்த்தான். மடலுக்கு ஒன்றாக இரண்டு தாள்களை மாணவி இப்போதே அச்சிட்டு வைத்திருக்கிறார். இம்முறை மதிப்பெண்ணுக்கு முன்னால் வரியை எழுதும் கட்டம் இருக்கிறது.